பட்டப் பகலில் விளக்கு

உச்சி வெயிலில் ஒருவன் விளக்கை ஏந்திக் கொண்டு தெருவில் நடந்தால் ஊரார் என்ன சொல்வார்கள்? "பாவம், நேற்று வரையில் நன்றாகத்தான் இருந்தான்!" என்பார்கள். ஆனால் இன்று கடற்கரையிலும், கோயில் குளக்கரையிலும், கல்யாண மண்டபத்து வாசலிலும் நாம் காண்பது அந்தக் காட்சியைத்தான். சூரிய பகவான் தம்முடைய ஆயிரம் கிரணங்களையும் அள்ளி வீசிக் கொண்டிருக்கிறார். அவருக்குப் போட்டியாகப் படம் பிடிப்பவர் ஒரு கம்பின் நுனியில் குடையைக் கட்டி, அதற்குள் ஒரு பாட்டரி விளக்கை வைத்து, பளிச்சு பளிச்சென்று மின்னல் அடிக்கிறார். அவருடைய புத்தி தெளிவாகவே இருக்கிறது. அவர் செய்கிற காரியத்தில் நியாயமும் இருக்கிறது.

வெயில் தலைக்கு மேலே இருக்கிறது. முகமோ நமக்கு எதிரே இருக்கிறது. மத்தியான வெயில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழுந்து, கண் குழிகளை இருட்டாக்கி விடும். எவ்வளவு களையான முகமானாலும் அந்த நேரத்தில் பத்து நாள் பட்டினி கிடந்தவனுடைய முகமாகி விடுகிறது. சரி, வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும் என்று ஆளைத் திருப்பி நிறுத்தினால், கண் கூச்சம் தீரும். ஆனால் முகம் நிழலில் ஆழ்ந்து போகும். பின்னால் வானம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். முன்னால் தாத்தா கரிக்கட்டையாக நிற்பார். மனிதனுடைய கண் இவ்விரண்டையும் ஒரே சமயத்தில் சமாளித்துக் கொள்ளும். காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. வானமா, தாத்தாவா என்று அது தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதன் இஷ்டத்துக்கு விட்டால் பெரும்பாலும் வானத்தின் பக்கமே தீர்ப்புச் சொல்லி விடும்.

இந்நாளில் கைப்பேசிகள் பல படங்களை ஒரே க்ஷணத்தில் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இந்தக் கஷ்டத்தை ஒருவாறு தீர்த்து விடுகின்றன என்பது உண்மையே. ஆயினும் இருட்டை வெளுக்க வைப்பது வேறு, விளக்கைச் சரியான திசையிலிருந்து காட்டுவது வேறு. கண்ணில் ஒளியின் ஒரு சிறு பொட்டு விழுந்தால்தான் முகத்துக்கு உயிர் வரும். அந்தப் பொட்டை முன்னாலிருந்துதான் வைக்க வேண்டும்.

நம்முடைய தேசத்து முகங்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. மேல்நாட்டில் வர்ணப் படம் அச்சிடும் நிலையங்களில் பல்லாண்டு காலம் ஒரு சோதனை அட்டை வழங்கி வந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் முகம். அவளுடைய நிறம் சரியாக வந்தால் யந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நம்முடைய மாநிற முகமும், கறுத்த முகமும் அந்தக் கணக்கில் சேரவேயில்லை. அதன் பலன், கறுப்பு முகத்தைப் படத்தில் வெளுக்க அடிப்பதே தொழில் என்று ஸ்டுடியோக்காரர் பலர் நினைக்கத் தலைப்பட்டதுதான். வெளிச்சத்தை அதிகமாகக் கொட்டினால் கறுப்பு முகம் அழகாகி விடாது. நெற்றியில் எண்ணெய் வழிகிற மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு விழும், அவ்வளவுதான். அதற்கு வேண்டியது பெரிய, அகன்ற, மெத்தென்ற வெளிச்சம். ஒரு ஜன்னல் அளவு பரப்பிலிருந்து ஒளி வந்தால், கன்னத்தின் வளைவும் தோலின் மினுமினுப்பும் அதனதன் நிறத்தோடே தெரியும். இந்த அகன்ற வெளிச்சத்துக்காகத்தான் குடை. குடை வைத்தால் விளக்கின் சக்தியில் பெரும் பகுதி அதற்கே செலவாகி விடும். ஆகையால் விளக்குப் பெரிதாக இருக்க வேண்டும். விளக்குப் பெரிதானால் பாட்டரியும் பளுவும் விலையும் பெரிதாகும். எந்த விளக்கை வாங்குவது என்ற கேள்வி முழுவதும் இந்தச் சங்கிலியில்தான் தொங்குகிறது.

முன்னோர்கள் பட்ட பாட்டை நினைத்தால் நம்முடைய கஷ்டம் ஒரு கஷ்டமே அல்ல. 1887-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் மீத்தே, கெடிக்கே என்ற இருவர் மக்னீசியம் கலந்த வெடிப்பொடியைப் படத்துக்கு வெளிச்சமாகக் கொளுத்திக் காட்டினார்கள். வெளிச்சத்தோடு புகையும் வந்தது. சில சமயம் படம் பிடிப்பவரின் புருவமும் போயிற்று. 1930-ஐ ஒட்டிக் கண்ணாடி பல்பு வந்தது. ஒரு பல்புக்கு ஒரு படம். பிறகு குப்பைத் தொட்டி. நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் படக்காரரான ஹோமாய் வியாரவாலா போன்றவர்கள் அந்தக் காலத்துப் பெரிய காமிராக்களோடும் பல்புகளோடும்தான் சரித்திரத்தைப் பதிவு செய்தார்கள்.

1946-ல் அமெரிக்கரான மார்கரெட் பூர்க்-ஒயிட் என்ற பெண்மணி மகாத்மா காந்தியை இராட்டையுடன் படம் பிடிக்க வந்தார். நூற்கத் தெரியாதவருக்கு நூற்பவரைப் படம் பிடிக்க எப்படித் தெரியும் என்று அவரை முதலில் நூற்கக் கற்றுக் கொள்ளச் செய்தார்கள். அதற்குப் பிறகும் மூன்று பல்புகளுக்கு மேல் கூடாது என்று நிபந்தனை. இரண்டு படங்கள் வீணாயின. மூன்றாவது பலித்தது. இன்றைய பாட்டரி விளக்கில் ஒரே மூச்சில் ஐந்நூறு முறை அடிக்கிற நமக்கு அந்த மூன்றாவது பல்பின் மதிப்புத் தெரியாது.

ஐந்நூறு முறை அடிக்கும் வித்தைக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹரால்டு எட்கர்ட்டன் என்ற பேராசிரியர். மின்சக்தியை ஒரு மின்தேக்கியில் சேர்த்து வைத்து, வாயு நிறைந்த கண்ணாடிக் குழாயின் வழியாக ஒரே பாய்ச்சலில் விடுவதுதான் தத்துவம். குளத்தைச் சிறுகச் சிறுக நிரப்பி மதகை ஒரேயடியாகத் திறப்பது போல. இன்றைய விளக்குகள் எல்லாவற்றிலும் இதே தத்துவந்தான். குளம் எவ்வளவு பெரியது என்பதை 'வாட்-விநாடி' என்ற அளவால் சொல்லுகிறார்கள். பாட்டரி என்பது அந்தக் குளத்தை நிரப்பும் ஆறு. குளத்தின் அளவையும் ஆற்றின் அளவையும் குழப்பிக் கொள்ளாமலிருப்பது அவசியம்; கடைக்காரர்களில் சிலரே குழப்பிக் கொள்கிறார்கள்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதுகிற கட்டுரையில் கொஞ்சம் கணக்கு வராமலிருக்குமா? நேயர்கள் பொறுத்தருள வேண்டும், பெருக்கலும் வகுத்தலுந்தான்.

நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, ஷட்டரை 1/100 விநாடிக்குத் திருப்பினால் லென்ஸின் துவாரம் எப்-16 இருக்க வேண்டும் என்பது படக்காரர்களின் பழைய வாய்ப்பாடு. ஷட்டரை 1/200 ஆக்கினால் துவாரம் எப்-11. ஷட்டரை இன்னும் வேகமாக்கலாமே என்றால், அதில் ஒரு சிக்கல். பெரும்பாலான காமிராக்களில் ஷட்டர் என்பது இரண்டு திரைகள். 1/200 அல்லது 1/250 விநாடிக்கு மேல் வேகம் போனால், முதல் திரை முழுதும் விலகுவதற்கு முன்பே இரண்டாவது திரை புறப்பட்டு விடுகிறது. இடையே ஒரு சந்துதான் நகர்ந்து கொண்டு போகும். விளக்கோ கண் மூடித் திறப்பதற்குள் அடித்து ஓய்ந்து விடும். ஆகவே படத்தில் ஒரு பட்டை மட்டும் வெளிச்சமாயிருக்கும், மற்றது இருட்டு. இதற்காக விளக்கைத் துடிதுடிக்கச் செய்து, சந்து நகர்கிற வரையில் தொடர்ந்து ஒளி தருகிற ஒரு முறை இருக்கிறது. அதிவேக இணைப்பு என்று அதைச் சொல்லலாம். நல்ல வசதிதான், ஆனால் கூலி அதிகம். விளக்கின் வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்கு தேறினால் பெரிது.

ஆக, 1/200 விநாடி, எப்-11 என்று வைத்துக் கொள்வோம். விளக்கின் பலத்தைச் சொல்ல 'வழிகாட்டி எண்' என்று ஒன்று உண்டு. துவார எண்ணை, விளக்குக்கும் ஆளுக்கும் இடையே உள்ள மீட்டர்க் கணக்கால் பெருக்கினால் வருவது அது. காமிராவின் தலைமேல் உட்காரும் சிறிய விளக்குகளின் பெட்டியில் 60 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதைக் கண்டு மயங்க வேண்டாம். வெளிச்சத்தைக் குறுக்கி ஈட்டி போல வெகு தூரத்துக்கு அனுப்பும்போது கிடைக்கிற எண் அது. சாதாரணமாக ஆளைப் படம் பிடிக்கும் அகலத்துக்கு வைத்தால் அதே விளக்கின் எண் சுமார் 36. முப்பத்தாறை 11-ஆல் வகுத்தால் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். இது குடை இல்லாமல். குடை வைத்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகி, எண் பாதியாகும்: 18. அப்போது விளக்கை ஒன்றரை மீட்டருக்குள் கொண்டு வந்தாக வேண்டும். மணப்பெண் ஒருத்தியைப் படம் பிடிக்க இது போதும். மாப்பிள்ளையும் சேர்ந்தால் நெருக்கம். பேரன் பேத்திகள் சூழ்ந்து கொண்டால் காரியம் ஆகாது.

சிறிய விளக்கின் குளம் சுமார் 60 முதல் 80 வாட்-விநாடி. குளம் நாலு மடங்கு ஆனால் எட்டும் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். எட்டு மடங்கு ஆனால் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே 300 வாட்-விநாடி விளக்கைக் குடையோடு மூன்று மீட்டரிலும், 600 வாட்-விநாடி விளக்கைக் குடையோடு நாலரை மீட்டரிலும் வைத்து உச்சி வெயிலைச் சமாளிக்கலாம். எட்டு பத்துப் பேர் உள்ள குடும்பப் படத்துக்கு இது கட்டி வரும். ஒரு வகுப்பு முழுவதையும் பெஞ்சி போட்டு நிறுத்தி எடுக்கிற படத்துக்கு 600-ம் திணறும்.

இங்கேதான் பணம் மிச்சப்படும் இடம் வருகிறது. அந்த வகுப்பை வேப்ப மரத்து நிழலுக்கு நடத்திச் செல்லுங்கள். திறந்த நிழலில் வெளிச்சம் வெயிலில் உள்ளதற்கு எட்டில் ஒரு பங்கு. துவாரம் எப்-11-லிருந்து எப்-4-க்கு வரும். 18-ஐ நாலால் வகுத்தால் நாலரை மீட்டர். அறுநூறு வாட்-விநாடி விளக்கு வெயிலில் செய்கிற வேலையை, மேல்சட்டைப் பைக்குக் கொஞ்சம் பெரிதான விளக்கு நிழலில் செய்து விடுகிறது! மாலை ஐந்தரை மணிக்கு மேல் என்றால் கேட்கவே வேண்டாம். உச்சி வெயிலில் படம் பிடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு வருஷத்தில் எத்தனை நாள் உண்டு என்று எண்ணிப் பார்த்த பிறகு பெரிய விளக்கைப் பற்றி யோசிக்கலாம். முகூர்த்தம் யாருக்காகவும் காத்திராது என்பதால் கல்யாணப் படக்காரருக்கு அந்தக் கட்டாயம் உண்டு. குடும்பஸ்தருக்குப் பெரும்பாலும் இல்லை.

விளக்கே வேண்டாம் என்றால் அதற்கும் நம் வீட்டில் சாமான் இருக்கிறது. சலவை செய்த எட்டு முழ வேஷ்டியை இரண்டு பேர் விரித்துப் பிடித்து வெயிலை முகத்தின் மேல் திருப்பினால், தாத்தாவின் கரி பாதி கரைந்து விடும். சரிகைக் கரை முகத்துக்கு நேரே வராமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

பந்தலைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டிய பந்தலுக்குள் பகல் வெளிச்சம் வடிகட்டி வரும்போது எல்லோர் முகத்திலும் மஞ்சள் காமாலை ஏறி விடும். கம்ப்யூட்டரில் வைத்து எவ்வளவு திருத்தினாலும் பட்டுப் புடவையின் நிறம் திரும்ப வராது. பிளாஷின் வெளிச்சம் பகல் வெளிச்சத்தின் நிறம் கொண்டது. ஆகவே பந்தலுக்குள் அதற்கு அவசியம் உண்டு. ஆனால் விளக்கை அண்ணாந்து பார்க்க வைத்துப் பந்தல் துணியில் அடித்துத் திருப்பினால், அந்த வெளிச்சமும் துணியின் நிறத்தையே பூசிக் கொண்டு கீழே வரும். வெள்ளைக் குடையை வைத்துக் கொண்டு நேரே அடிப்பதே உத்தமம்.

இனி பாட்டரி. சிறிய விளக்குகளில் நாலு பென்ஸில் பாட்டரி போடும் ஜாதி ஒன்று, லிதியம் பாட்டரி உள்ள ஜாதி ஒன்று. முதலாவதில் உள்ள சௌகரியம், எந்தக் கிராமத்துக் கடையிலும் பாட்டரி கிடைக்கும். கடைப் பாட்டரி அவசரத்துக்குத்தான். திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றக் கூடிய நிக்கல் பாட்டரிகளை இரண்டு ஜோடியாக வைத்துக் கொள்வது நல்லது. அவற்றிலும் 2005-க்குப் பிறகு வந்த, சும்மா வைத்திருந்தாலும் சக்தி அதிகம் கசியாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். லிதியம் உள்ளவை சீக்கிரம் தயாராகும். நிக்கல் பாட்டரி தளரும்போது ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்தாறு விநாடி கூட ஆகும். ஐந்தாறு விநாடி என்றால் என்ன என்று தாலி கட்டும்போது விளக்கு அடிக்காமல் நின்ற படக்காரரைக் கேட்டால் சொல்வார்.

நடுத்தரமானவற்றில் கோடாக்ஸ் ஏடி200 என்ற சீன விளக்கு வெகுவாகப் பழக்கத்துக்கு வந்திருக்கிறது. இருநூறு வாட்-விநாடி, எடை ஒரு கிலோவுக்குள். இதன் பாட்டரி 14.4 வோல்ட், 2.9 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 41.76 வாட்-மணி. ஒரு மணிக்கு 3,600 விநாடி. ஆகவே பாட்டரியில் அடங்கியிருப்பது சுமார் 1,50,000 வாட்-விநாடி. இருநூறால் வகுத்தால் 750 மின்னல் வர வேண்டும். கம்பெனியார் சொல்வதோ 500. மீதி எங்கே போயிற்று? குளத்துக்குப் போகிற வழியில் பெரும்பாலும் சூடாகப் போயிற்று. விளக்கை விடாமல் அடிக்கும்போது அது கொதிப்பதும், சற்று நேரம் இளைப்பாறுகிறேன் என்று தானாக நின்று கொள்வதும் இதனால்தான். சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம் நிற்கும். எனக்குத் தெரிந்தவரையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், பௌதிக வகுப்பில் கடைசி பெஞ்சிக்காரர்கள் கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பெரியவற்றில், தனியாகப் பெட்டி சுமக்காமல் விளக்கின் உடம்பிலேயே பாட்டரியை வைத்த முறைக்குப் பேர் வாங்கித் தந்தது, 2013-ல் ஸ்வீடனிலிருந்து வந்த புரோபோட்டோ பி1. ஐந்நூறு வாட்-விநாடி, முழுச் சக்தியில் 220 மின்னல், எடை 3 கிலோ. மூன்று கிலோ என்பது கையில் கனமல்ல. கம்பின் நுனியில், குடையோடு, கடற்காற்றில் கனம். குடை என்பது காற்றுக்குப் பாய் மரம். மணல் மூட்டை கட்டாத கம்பு எப்போது சாயும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. மணல் மூட்டையை விட மேலானது, விளக்கைப் பிடித்துக் கொண்டு சொன்ன இடத்துக்கு நகர்கிற ஒரு மைத்துனன். தொல்பொருள் துறையின் பாதுகாப்பிலுள்ள மாமல்லபுரம் போன்ற இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். மைத்துனனுக்கு அனுமதி வேண்டாம், டிக்கெட் போதும்.

விளக்கையும் காமிராவையும் இணைப்பது ரேடியோ அலை. ஒரு விளக்கின் வெளிச்சத்தைக் கண்டு மற்றொன்று அடிக்கும் பழைய முறை அறைக்குள் சரி. வெயிலில் அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ரேடியோவில் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிப் பாஷை பேசுகிறது. எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஓர் ஊரிலிருந்து பெரிய விளக்கு ஒன்றைத் தள்ளுபடி விலையில் வாங்கி வந்தார். அவருடைய காமிராவுக்கு ஏற்ற ரேடியோக் கருவி அந்த விளக்குக்கு இல்லை என்பதை விற்றவர் சொல்லவில்லை. ஆறு மாதம் அந்த விளக்கு அலமாரியில் தவம் செய்தது. ஆகையால் முதலில் வாங்குகிற சிறிய விளக்கை வாங்கும்போதே, நாளைக்கு வாங்கப் போகிற பெரிய விளக்கும் அதே பாஷை பேசுமா என்று கேட்டுக் கொள்வது நல்லது.

பாட்டரிக்குச் சூடு ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் லிதியம் பாட்டரியை விட்டு வைக்கக் கூடாது. சூடாக இருக்கும்போது மின்சாரம் ஏற்றவும் கூடாது. நெடுநாள் உபயோகியாமல் வைப்பதானால் பாதி ஏற்றி வைக்க வேண்டும். வயிறு ஊதிய பாட்டரியை உடனே விலக்கி விட வேண்டும். விளக்கைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் பிள்ளைகளுக்கு ஏற்படலாம். பாட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்தேக்கியில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும் என்று சொல்லி வைப்பது பெற்றோர் கடமை.

விமானப் பிரயாணத்தில் உதிரி லிதியம் பாட்டரிகளைச் சரக்கோடு அனுப்ப விடமாட்டார்கள். கைப்பெட்டியில்தான் வர வேண்டும். நூறு வாட்-மணி வரையில் தடையில்லை. நூறுக்கு மேல் 160 வரையில் விமானக் கம்பெனியின் சம்மதம் வேண்டும். உதிரி இரண்டுக்கு மேல் கூடாது. மேலே சொன்ன 41.76 வெகு சுலபமாகத் தேறி விடுகிறது. வாட்-மணி அச்சிடாத பாட்டரியானால் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிக் கொள்ள வேண்டியதுதான்.

வருஷத்துக்கு ஒரு கல்யாணம், ஒரு சீமந்தம் என்று இருப்பவர்கள் பெரிய விளக்கை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். சென்னை போன்ற நகரங்களில் நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். சொந்தமாக வாங்குகிறவர்கள் உங்கள் காமிராவையே கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். முழுச் சக்தியில் இருபது முறை தொடர்ந்து அடித்து, இருபதாவது மின்னலும் முதலாவதைப் போல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கூட வந்தவரைக் கடை வாசலில் வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தி ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று கடைக்காரர் மறுத்தால், அடுத்த கடைக்கு நடக்கலாம்.